எழுபத்தோரு கிலோ

முதலில் மீட்டர் வாயை மூடியது.

இதில் என்ன பெரிய சங்கதி என்று தோன்றும். ஆனால் அந்தக் கதிர்வீச்சு மீட்டர் இருக்கிறதே, அது வாயை மூடவே தெரியாத பிறவி. அணு எரிபொருள் பெட்டியிடம் கொண்டுபோனால் படபடவென்று பொரிந்து தள்ளும். வெறும் சுவரிடம், ஈர மண்ணிடம், வாழைப்பழத்திடம், மனுஷ உடம்பிடம்கூட ‘டிக்... டிக்...’ என்று எதையாவது முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கும். அது பேசாத இடம் பூமியில் கிடையாது. முத்திரைக்காரரின் இருபத்தாறு வருஷ சர்வீஸில் இடி விழுந்தபோதும் பேசியது, அமைச்சர் வந்தபோதும் பேசியது.

அன்று மத்தியானம் மூன்றேகால் மணிக்கு, ஸ்டூலின்மேல் முணுமுணுத்துக்கொண்டிருந்த அதை மாப்பிள்ளை கையில் எடுத்தார். சத்தம் நின்றது.

திரும்ப ஸ்டூலில் வைத்தார். டிக்.

“பேட்டரி போயிருக்கும், மச்சான்,” என்றார் மாப்பிள்ளை.

முத்திரைக்காரர் மீட்டரையும் அந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தார். வெளிநாட்டு அணு உலைகளுக்குக் கப்பலேறும் எரிபொருளைச் சோதித்து, கன்டெய்னர் கதவில் நம்பர் போட்ட கம்பி சீல் மாட்டுவது அவர் வேலை. சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கியவர். வீட்டுப் பூட்டை நாற்பது தடவை இழுத்துப் பார்ப்பார். நாற்பத்தோராவது இழுப்பில் பூட்டு கையோடு வந்துவிட்ட நாளும் உண்டு. மீட்டர் பிடிப்பது மாப்பிள்ளையின் வேலை. எரிபொருளை ஏற்றும் அந்த ஷெட்டில் எல்லாமே இரட்டை. எரிபொருளோடு யாரும் தனியாக இருக்கக் கூடாது. இரண்டு பேர், ஒருவர் கண்ணுக்கு ஒருவர் மறையாமல் இருக்க வேண்டும். கதவை மூட இரண்டு கையெழுத்து, திறக்க இரண்டு கையெழுத்து, சீல் வெட்டும் கத்திரி இருக்கிற பெட்டிக்கு ஆளுக்கொன்றாக இரண்டு சாவி. இப்படி ஏழு வருஷம் ஒரே மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து, இனி இந்த மூஞ்சி இல்லாமல் சோறு இறங்காது என்ற நிலைமை வந்ததும், முத்திரைக்காரர் தன் தங்கச்சியையே அவருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார். இப்போது நாலு வயசில் ஒரு பெண் குழந்தை.

அந்த இரண்டு பேர் விதியை முத்திரைக்காரர் மீறியது அன்று ஒருநாள்தான். அதுவும் ஒன்றுக்குப் போவதற்காக. சர்க்கரை உடம்பு, மழைக் குளிர் வேறு. போனால் இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டும் என்பது சட்டம். “நாலே நிமிஷம், மாப்ளே,” என்று ஓடினார். திரும்பி வந்தபோது கன்டெய்னர் கதவு சாத்தியிருந்தது. பேனாவோடு மாப்பிள்ளை நின்றிருந்தார். இவர் சீலை மாட்டினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் மீட்டர்.

“தட்டிப் பாத்தீங்களா?” என்று கேட்டார் முத்திரைக்காரர்.

“என்ன தட்டணும்?”

கன்டெய்னரை மூடியதும் விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டி, “வீட்ல யாரு?” என்று கேட்பது மாப்பிள்ளையின் வழக்கம். மகளோடு ஆடும் ஆட்டம் அது. அவள் அப்பாவின் நெஞ்சில் மூன்று தட்டுத் தட்டிக் கேட்பாள்; அவர் கண்ணை மூடிக்கொண்டு, “யாரும் இல்லீங்க, கடைக்குப் போயிருக்காங்க,” என்பார். அதிகாரி திட்டியும் விடாத பழக்கம். அதைத்தான் இப்போது, என்ன தட்டணும் என்கிறார்.

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஈர இரும்பின் வாடையும் புதுப் பெயிண்டின் வாடையும் டீசல் புகையும் ஒன்றாகக் குழைந்து, நாக்கில் துருவைத் தடவியதுபோல் இருந்தது. கன்டெய்னரை ஏற்றிய லாரி ஷெட்டின் கோடியில் இருந்த எடைமேடைக்கு நகர்ந்தது. எடை கிளார்க் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

“சார், காகிதத்துல இருக்கறதைவிட எழுபத்தோரு கிலோ கூட வருது.”

“மழைத் தண்ணி,” என்றார் மாப்பிள்ளை.

“நூறு வரைக்கும் தள்ளிவிடலாம்னு விதி. எனக்கென்ன?” கிளார்க் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

எழுபத்தொன்று. போன வாரம் மருத்துவப் பரிசோதனையில் மாப்பிள்ளை ஏறி நிற்க, எடை முள் அந்த எண்ணில் நின்றதைப் பக்கத்திலிருந்தே பார்த்தவர் முத்திரைக்காரர். “அறுபத்தஞ்சு கிலோ ஆளைக் குடுத்தேன், என் தங்கச்சி மூட்டை கட்டி வச்சிருக்கா,” என்று அன்று கிண்டல்கூடப் பண்ணினார்.

மழை சட்டென்று விட்டது. கூரையின் இரைச்சல் போனதும் காதுக்குள் ஒரு பள்ளம் விழுந்தாற்போல் இருந்தது. அந்தப் பள்ளத்துக்குள், லாரியின் மேலிருந்து—

டொக். டொக். டொக்.

முத்திரைக்காரர் லாரிப் படியில் ஏறி, குளிர்ந்த கதவில் காதை வைத்தார். உள்ளே யாரோ மூச்சு வாங்கினார்கள்.

“மச்சான்,” என்றது குரல், கிணற்றடியிலிருந்து வருவதுபோல. “விளையாடுனது போதும். திறங்க. மூச்சு முட்டுது.”

அவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். கீழே மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். அண்ணாந்து, அமைதியாக, இவரையே பார்த்துக்கொண்டு.

“நீங்கதானே உள்ள போய், பெட்டியைக் கட்டுன பட்டை இறுக்கமா இருக்கான்னு பாருங்கன்னு சொன்னீங்க?” என்றது கதவுக்குப் பின்னால் குரல். “நான் உள்ள இருக்கறப்பவே சாத்திட்டீங்களே, மச்சான்.”

அவர் சொல்லவே இல்லை. அந்த நாலு நிமிஷம் அவர் ஷெட்டிலேயே இல்லை.

இறங்கினார். “சாவியைக் குடுங்க,” என்றார். “கையெழுத்துப் போடுங்க. திறக்கணும்.”

மாப்பிள்ளை பேனாவின் மூடியைச் சத்தமில்லாமல் மாட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “நான் போட மாட்டேன், மச்சான்.”

வாக்கி-டாக்கியை எடுத்து அழுத்தினார். பாதுகாப்பு அதிகாரி அம்மாவின் குரல் தூரத்து அறையிலிருந்து வந்தது.

“மேடம், கன்டெய்னருக்குள்ள ஆள் இருக்கு.”

“யாரு?”

“எங்க மாப்பிள்ளை.”

“அவர் உங்க பக்கத்துலதானே நிக்கிறார்? கேமராவுல தெரியுதே.”

“...ஆமா.”

“ஷெட்டுக்குள்ள எத்தனை பேர் போனீங்க?”

“ரெண்டு.”

“இப்ப எத்தனை பேர் இருக்கீங்க?”

“ரெண்டு.”

“அப்புறம் என்ன?”

வேலை போனால் போகிறது என்று சொல்லிவிட்டார். “மேடம், நான் தப்புப் பண்ணிட்டேன். நாலு நிமிஷம் வெளிய போயிட்டேன். அந்த நேரத்துல என்னமோ நடந்திருக்கு.”

கரகரப்புக்கு நடுவே பொத்தான் தட்டும் சத்தம். பதிவைப் பின்னால் ஓட்டிப் பார்க்கிறாள் போலும்.

“நீங்க எங்கயும் போகலையே,” என்றாள். “ரெண்டு பேரும் கதவுகிட்டயேதான் நிக்கிறீங்க. ஒரு நிமிஷம்கூட நீங்க வெளிய போகலை. உடம்பு சரியில்லைன்னா எழுதிக் குடுங்க, நாளைக்குப் பேசலாம். அஞ்சு மணிக்குக் கப்பல்.”

நாளைக்கு. கப்பல் கரை சேர இருபத்திரண்டு நாள்.

அவர் வெறும் கையால் சீல் கம்பியைப் பிடித்து இழுத்தார். விரல் கிழிந்தது. கம்பி அறவில்லை, அவர் மாட்டிய சீல் என்றைக்கு அறுந்திருக்கிறது? துப்பாக்கிக் காவலர்கள் இருவர் வந்து, மரியாதையாக, அக்குள் இரண்டிலும் கை கொடுத்து, அவரை இறக்கிவிட்டார்கள். “தனியாத் தொடக் கூடாதுன்னு நீங்கதானே சார் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க?”

லாரி கிளம்பியது. அவர் பின்னாலேயே ஓடினார். கையில் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் ஓடினார்.

கேட்டில் தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. காகிதம் பார்ப்பதற்காக டிரைவர் இன்ஜினை அணைத்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் தங்கச்சி ஸ்கூட்டரோடு நின்றாள். மழை என்று புருஷனைக் கூட்டிப்போக வந்திருந்தாள். முன்னால் மஞ்சள் மழைக்கோட்டில் குழந்தை. மாப்பிள்ளை இவருக்கு முன்பே அங்கே இருந்தார். எப்படி வந்தார் என்று தெரியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

குழந்தை அவர் நெஞ்சில் தட்டியது. மூன்று தட்டு.

“வீட்ல யாரு?”

அவர் பதில் சொல்லவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

லாரிக்குள்ளிருந்து வந்தது பதில். டொக். டொக். டொக்.

“பட்டை லூஸா இருக்கும் போல,” என்றார் டிரைவர்.

குழந்தை தலையைத் திருப்பி லாரியைப் பார்த்தது. முகம் மலர்ந்தது. “மாமா, அப்பா ஏன் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்காரு?”

தங்கச்சி சிரித்தாள். “இதோட வாயைப் பாருங்கண்ணா. அப்ப உன்னைத் தூக்கி வச்சிருக்கறது யாராம்?”

முத்திரைக்காரர் வாயைத் திறந்தார். சொன்னாலும், எந்தக் காகிதத்தில் எழுதி, யாரிடம் இன்னொரு கையெழுத்து வாங்குவது?

கட்டை உயர்ந்தது. லாரி உறுமிக்கொண்டு வெளியே திரும்பியது. தட்டும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. அப்புறம் இன்ஜின் சத்தம் மட்டும். அப்புறம் அதுவும் இல்லை.

டிக்.

அப்போதுதான் கையைப் பார்த்தார். மீட்டர். ஓடுகிற வேகத்தில் ஸ்டூலிலிருந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

டிக். டிக்.

“வாங்க மச்சான், வீட்டுக்குப் போகலாம்.” குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாப்பிள்ளை அவரை நோக்கி நடந்து வந்தார். “இனிமே தனியா எங்கயும் போகாதீங்க.”

டிக்.

ஓர் அடி. இன்னோர் அடி.

மீட்டர் வாயை மூடியது.

குழந்தையின் கை மட்டும், அந்தத் தோளைத் தாண்டி, லாரி போன திக்கில், வெறும் காற்றைத் தட்டிக்கொண்டிருந்தது. மூன்று தட்டு. மறுபடி மூன்று தட்டு.

அப்புறம் அதுவும் நின்றது.