நல்ல தண்ணி

கோடை முழுக்க அந்தக் கட்டடத்தில் ஒரே பேச்சுதான். தண்ணீர் லாரி வருமா, வராதா? அப்படியிருக்க, ஒருநாள் மதியம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது.

மூன்றாவது மாடியில் இருந்த பத்து வயதுப் பெண்ணை எல்லாரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் குடையோடு கீழே ஓடினாள். வாசலில், தரைக்கு அடியில், நல்ல தண்ணித் தொட்டி இருந்தது. குடிக்கிற தண்ணீரை எல்லாரும் நல்ல தண்ணி என்றுதானே சொல்கிறோம்?

"மழையை விட நல்ல தண்ணி எது?" என்று சொல்லிக்கொண்டே தொட்டியின் இரும்பு மூடியைத் தள்ளித் திறந்து வைத்தாள். நாளைக்குத் தொட்டி நிறைந்திருக்கும். எல்லாரும் தன்னைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள் என்று நினைத்தாள்.

காலையில் தொட்டி நிறைந்துதான் இருந்தது. ஆனால் தெருவில் முழங்கால் அளவு வெள்ளம் வந்து வடிந்திருந்தது. சாக்கடையும் அதோடு சேர்ந்து தொட்டிக்குள் இறங்கிவிட்டது. உள்ளே யாருடைய பழைய செருப்போ ஒன்று ஜம்மென்று மிதந்தது.

வாயாடி சுற்றும்முற்றும் பார்த்தாள். செருப்பை எடுத்து வீசினாள். சத்தமில்லாமல் மூடியை மூடிவிட்டு மாடிக்கு ஓடிவிட்டாள்.

சற்று நேரத்தில் முதல் மாடி டைலர் மாமா மோட்டார் போட்டார்.

"தொட்டி தளும்புது! எல்லாரும் பிடிச்சுக்கோங்க!"

"கொஞ்சம் கலங்கலா இருக்கே?" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

"மழை பெஞ்சா அப்படித்தான்!" என்றார் மாமா கீழிருந்தே.

அக்காவின் குட்டிப்பாப்பா இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து வாயருகே கொண்டுபோனது. எதிர்வாசலில் நின்ற வாயாடி பாய்ந்து பிடுங்கினாள். பாப்பா வீலென்று அழுதது.

"என்னடி இது? குழந்தை கையிலேருந்து பிடுங்குற?"

வாயாடி டம்ளர் தண்ணீரைக் கீழே கொட்டினாள். முகம் எரிந்தது.

"தொட்டியை நான்தான் திறந்து வெச்சேன் அக்கா. சாக்கடைத் தண்ணி இறங்கிடுச்சு."

"மூடிதான் மூடியிருக்கே?"

"அதையும்... நான்தான் மூடினேன்."

இதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. இன்னும் நான்கு வீட்டுக் கதவைத் தட்டி, அதையே நான்கு தடவை சொன்னாள்.

"அடியில கொஞ்சம் லாரித் தண்ணி இருந்துச்சே. அதையும் கெடுத்துட்டியே!" என்று டைலர் மாமா கத்தினார். பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது அவளுக்கு.

ஊரெல்லாம் தண்ணீர். குடிக்க மட்டும் ஒரு வாய் இல்லை.

மறுபடி மழை பிடித்தது. வாயாடி வீட்டுக் குடங்களை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போனாள். முதல் மழைத் தண்ணீரால் நன்றாக அலசிக் கொட்டினாள். பிறகு வெள்ளைத் துணியை அவற்றின் வாயில் கட்டி வைத்தாள். நிறைந்ததும் அம்மா கொதிக்க வைத்து ஆற்றி வைத்தாள்.

"எல்லார் வீட்டுக்கும் யார் கொண்டுபோய்க் கொடுக்கிறது?" என்றாள் அம்மா.

"நான்தான்" என்றாள் வாயாடி, தலையைக் குனிந்தபடி.

கடைசியாக டைலர் மாமா வீடு. அவள் ஊற்றிக் கொடுத்த டம்ளரை அவர் தூக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார், அவளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மடமடவென்று குடித்து முடித்தார்.

காலி டம்ளரை அவளிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."