சிவப்பு ஸ்கீயும் ஜெபல் அலிக்காரரும்

அந்தச் சிவப்பு ஸ்கீ ஜோடியின் மேல் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் விழுந்தன.

ஒன்று அகிலாவுடையது. இன்னொன்று யாருடையது என்று நிமிர்ந்து பார்த்தாள்... நெடுநெடுவென்று ஒருவன். கட்டம் போட்ட சட்டை. கையை எடுக்கிற எண்ணமே இல்லாத முகம்.

துபாயில் மாலுக்குள் பனிச்சரிவு கட்டி ஓராண்டு ஆகியிருந்த சமயம் அது. மதுரையில் பிறந்து, துபாய் கிளினிக் ஒன்றில் பிசியோதெரபிஸ்ட்டாக இருந்த அகிலாவுக்கு அந்தப் பனியில் ஸ்கீ மாட்டிச் சறுக்குவதில் அப்படியொரு பைத்தியம். வாடகை ஸ்கீயில் வாரம் ஒருவர் காலில் கிடந்ததையே மாட்டிச் சலித்துப்போய், சொந்தமாக ஒரு ஜோடி தேடிக்கொண்டிருந்தாள். ஊரைவிட்டுக் கிளம்பும் ஒரு ஆஸ்திரியக் குடும்பம், ஜுமைரா வில்லாவின் கராஜில் சாமான்களைப் பரப்பி விற்கிறது என்று கேள்விப்பட்டு வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டாள்.

"மன்னிக்கணும், நான்தான் முதலில் பார்த்தேன்" என்றான் அவன், சுத்தமான ஆங்கிலத்தில்.

பதில் சொல்வதற்குள் அவள் செல்போன் அடித்தது. துபாயிலேயே அவள் தங்கியிருக்கும் அண்ணன் வீட்டிலிருந்து அண்ணி நாகஜோதி.

"கிடைச்சிருச்சு அண்ணி... ஆனா ஒருத்தன் குறுக்க வந்து நிக்கிறான். விட மாட்டேங்குறான். ஆளப் பாத்தா ஒட்டகத்துக்குச் சட்ட போட்ட மாதிரி இருக்கான்..."

"ஒட்டகத்துக்குத் தமிழ் தெரியுமுங்க" என்றான் அவன் அமைதியாக.

அகிலாவுக்குக் காது வரை சூடேறியது. போனை அப்படியே அணைத்தாள். சிரிக்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள்... உதடு சிரிக்கவில்லை. கண்கள் சிரித்தன. அது இன்னும் மோசமாக இருந்தது.

அவன் பெயர் விஜயபாஸ்கர். கோயம்புத்தூர்க்காரன். ஜெபல் அலி துறைமுகத்தில் கிரேன்களையும், அவை தூக்கப் பயன்படும் சங்கிலிகளையும் சோதித்து, எது இன்னும் உழைக்கும், எதைக் கழிக்க வேண்டும் என்று சொல்கிற இன்ஜினியர். ஸ்கீயையும் அப்படித்தான் பார்த்தான். இரண்டையும் அடிப்பக்கம் ஒட்டினாற்போல் சேர்த்துப் பிடித்தான். நடுவில் மெல்லிய வளைவாக இடைவெளி தெரிந்தது. அழுத்தினான், சேர்ந்தது. விட்டான், பழையபடி விரிந்தது.

"வளைவு இன்னும் சாகலீங்க. நல்லா இருக்குது." இரும்பு விளிம்பில் நகத்தை ஓட்டினான். "மேல்துரு. தேச்சா போயிரும். முனையிலயும் வாலுலயும் ஒட்டு விடல."

பிறகு நடுவில் இருந்த பைண்டிங்கைத் தொட்டான். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைக்கிற பகுதி. விழுகிற நேரம் தானாகக் கழன்றுகொள்ள வேண்டியதும் அதுதான். பிளாஸ்டிக் வெளுத்து, மயிரிழை விரிசல்கள் ஓடியிருந்தன.

"இது வேண்டாமுங்க. இந்தக் கராஜ் வெயில்ல எத்தன வருஷம் வெந்துதோ... ஆபத்து."

அகிலாவுக்குச் சுரீரென்றது. ஓகோ... மட்டம் தட்டிப் பேசி என்னைக் கழட்டி விட்டுட்டு, தான் தூக்கிட்டுப் போகப் பாக்குறானா?

"ரொம்ப நன்றி சார். ஆபத்த நானே வாங்கிக்கிறேன்."

அவன் அவளையே ஒரு கணம் பார்த்தான். பிறகு, நம்ப முடியாதபடி, ஸ்கீயிலிருந்து கையை எடுத்தான்.

"எடுத்துக்குங்க. ஆனா மாட்டுறதுக்கு முன்னாடி பைண்டிங்க டெஸ்ட் பண்ணிருங்க. இது என் நம்பர், எதுக்கும்..."

நீட்டிய கார்டை அவள் வாங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலுக்குப் போனபோது, டெஸ்ட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் பழுது பார்க்கும் பகுதியைத் தாண்டும்போதே, அங்கே வேலை செய்யும் நாகூர்க்காரர் கௌஸ் முகைதீன் கைதட்டிக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அந்தச் சிவப்பு ஸ்கீய இங்க கொண்டாங்க. பாக்காம உள்ள விட மாட்டேன்."

"ஏன் பாய்?"

"கொண்டாங்கம்மா, சொல்றேன்."

ஸ்கீயை இடுக்கியில் இறுக்கி, அவள் பூட்ஸை மாட்டி, கருவியால் திருகினார். வலது பைண்டிங் 'டக்'கென்று விட்டது. இடது... விடவில்லை. இன்னும் பலமாகத் திருகினார். கடைசிவரை விடவில்லை.

"மாஃபி, வேலைக்கு ஆவாது. இதப் போட்டு விழுந்திருந்தா ஸ்கீ ஒரு பக்கம் போவும், முட்டி ஒரு பக்கம் போவும். ஸ்கீ அருமையான ஸ்கீ, அத விட்டுறாதீங்க. ரெண்டு பைண்டிங்கையும் கழட்டிப் புதுசு போடுவோம்."

அகிலா மெல்லக் கேட்டாள்: "நான் வருவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஜெபல் அலி சார் ஒருத்தர் சொல்லிட்டுப் போனாரு. சிவப்பு ஸ்கீ, பெரிய கண்ணு, கோவக்காரப் புள்ளன்னு அடையாளம் சொன்னாரு." பாய் சிரித்தார். "மூணும் சரியா இருக்கே!"

அவள் நன்றி சொல்லியிருக்க வேண்டும். அதற்கான சந்தர்ப்பம் மறு வாரமே வந்தது. பனிச்சரிவின் அடியில், தொப்பியெல்லாம் வெண்துகள் அப்பியபடி பாஸ்கர் நின்றான். அவளைக் கண்டதும் அந்தக் கண்கள் மலர்ந்தன. அவை மலர்ந்த விதத்தில் அவள் நெஞ்சு படபடத்தது... படபடத்ததில் கோபம் வந்தது.

"யாரோ ஒருத்திக்கு நீங்க ஏன் சார் காவல் போடணும்? நான் என்ன சின்னப் புள்ளையா? முட்டியப் பத்தி எனக்கே பாடம் எடுக்குறீங்களா? எனக்கு அதுதான் வேலையே!"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாஸ்கரின் முகம் சிறுத்துப் போனது.

"தப்புத்தானுங்க. இனிமே தொந்தரவு பண்ணல."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். போகட்டுமே என்று அவளும் நின்றாள். வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை.

அதன்பிறகு அவன் பனிப்பக்கம் வரவில்லை. புதுப் பைண்டிங் போட்ட சிவப்பு ஸ்கீ வெண்ணெயில் கத்தி போல ஓடியது. ஆனாலும் கீழே வந்து சேரும் ஒவ்வொரு முறையும் அவள் கண்கள் கூட்டத்தில் நெடுநெடுவென்று எதையோ தேடின... இல்லை.

ஒருநாள் கிளினிக்குக்கு சரோஜா என்ற பள்ளிக்கூட ஆசிரியை ஊன்றுகோலோடு வந்தாள். முட்டித் தசைநார் அறுந்து ஆபரேஷன் ஆகியிருந்தது.

"லெபனானுக்கு டூர் போயிருந்தோம்மா. அங்க தெரிஞ்சவங்களோட பழைய ஸ்கீ. வேகமாக்கூட விழல. ஆனா அது கால விடவே இல்ல..." சொல்லும்போதே சரோஜாவின் கண் கலங்கியது.

முட்டியை மடக்கி நீட்டிக்கொண்டிருந்த அகிலாவின் கைகள் நின்றுபோயின. விடாத இடது பைண்டிங் கண்முன் வந்தது. தன்னை அவமானப்படுத்திய ஒருத்திக்காக, ஜெபல் அலியிலிருந்து மெனக்கெட்டு வந்து சொல்லிவிட்டுப் போனவன்... அவனை நாலுபேர் முன்னால் என்னவெல்லாம் பேசினோம்!

அன்று மாலையே கௌஸ் பாயிடம் நம்பரை வாங்கினாள்.

"சார நான் பாத்தே நாளாச்சு தங்கச்சி. ஓமான்ல சோஹார் போர்ட்டுக்கு மாத்திட்டாங்கன்னு கேள்வி."

சோஹாரா! எண்களை அழுத்தினாள்.

"ஹலோ... நான் அகிலா. சிவப்பு ஸ்கீ..."

எதிர்முனையில் கடல் காற்றின் இரைச்சல்.

"சொல்லுங்க."

"நீங்க எப்ப துபாய் வருவீங்க?"

"இங்க வேல ஜாஸ்திங்க... எதுக்குங்க?"

"பேசணும்."

"திட்டுறதுக்குங்களா?"

"வந்தாத்தான் தெரியும்."

வெள்ளிக்கிழமை வந்துவிட்டான். எல்லை தாண்டி, மலைப்பாதையில் வண்டி ஓட்டி வந்த களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. இருவரும் மேலே தூக்கிச் செல்லும் நாற்காலியில் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்தார்கள். கால்கள் தரையை விட்டு எழும்பின. செயற்கைப் பனி பூப்பூவாக இறங்கி அவன் இமைகளில் ஒட்டியது.

"அன்னிக்குப் பேசினதுக்கு மன்னிச்சிருங்க" என்றாள். "தப்புன்னு அப்பவே தெரியும். ஒத்துக்க மனசு வரல."

"பரவால்லீங்க."

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஸ்கீ நல்லா இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். பைண்டிங்க மாத்தினாப் போதும்னும் தெரியும். அப்புறம் ஏன் எனக்கு விட்டுக் குடுத்தீங்க?"

பாஸ்கர் கையுறையைக் கழற்றினான்... திரும்பப் போட்டான்.

"அத நான் எடுத்துட்டுப் போயிருந்தா, உங்கள எங்கீங்க மறுபடி பாக்குறது? நீங்க வாங்கினா இங்க வருவீங்க. வந்தாப் பாக்கலாம்னு..." குரல் தழைந்தது. "அப்புறம் அந்த பைண்டிங்க நெனச்சுத் தூக்கமே வரல. நீங்க விழுற மாதிரியே இருந்துச்சு. அதான் பாயிகிட்ட ஓடி வந்தேன். உங்களுக்குக் கோவம் வரும்னு தெரியுமுங்க. வரட்டும்... கால் நல்லா இருந்தாப் போதும்னு தோணுச்சு."

அகிலா குனிந்து பார்த்தாள். கீழே ஆட்கள் எறும்பாகத் தெரிந்தார்கள். கண்ணில் திரண்டதைத் துடைக்கக் கையுறை தடிமனாக இருந்தது.

"எனக்கு உங்களப் புடிச்சிருக்கு" என்றாள், நேராக முன்னால் பார்த்தபடி. "இந்தக் கோவம் போகாது. இப்பவே சொல்லிட்டேன்."

"வேண்டாமுங்க... போக வேண்டாம்." அவன் குரல் உடைந்து சிரிப்பாக வந்தது. பிறகு தயங்கினான். "உங்க வீட்டுல... உங்க அண்ணன்கிட்ட நான் வந்து பேசட்டுங்களா?"

"நேத்தே நான் பேசிட்டேன். யாருன்னே தெரியாதவன்னு குதிச்சார். அப்ப நேர்ல பாத்துட்டுக் குதிங்கன்னு சொன்னேன்." இறங்கும் இடம் நெருங்கியது. அகிலா எழத் தயாரானாள். "கீழ காபிக் கடையில உக்காந்திருக்கார். உங்களப் பாக்கத்தான் வந்திருக்கார்... சீக்கிரம் வாங்க."