பன்னிரண்டாவது முத்திரை

ஓட்டிலியா பையை மேசைமேல் கவிழ்த்ததும் முதலில் விழுந்தவை ஒரு ஜோடி கம்பளிக் காலுறைகள். காய்ந்த சேறு மேசை விரிப்பில் உதிர்ந்தது.

“எங்க அக்கா ஜெல்மீராவோட சாமான் ஐயா இது. பிணவறையிலேர்ந்து நேத்துதான் குடுத்தாங்க. கூட ஒரு பட்டியலும் இருந்துச்சு. அதப் படிச்சதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல.”

பிளாஷெய் துரான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். திரெஞ்சீன் நகரக் காவல் நிலையத்தில் முப்பது வருடம் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய எதிர்வீட்டு ஹெட்விகா, முன்னாள் பேருந்து ஓட்டுநர், அழைக்காமலே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“புருஷன்காரன் என்ன சொல்றான்?” என்றாள் ஹெட்விகா.

“ரெண்டு பேரும் காரை எடுத்துக்கிட்டு கோட்டை கோட்டையா சுத்துவாங்க. இந்த வருஷம் பன்னெண்டு கோட்டைன்னு கணக்கு. போய்ட்டு வந்ததுக்கு அடையாளமா ஒவ்வொரு கோட்டையிலயும் புத்தகத்துல ஒரு முத்திரை குத்திக்கணும். போன ஞாயித்துக்கிழமை கடைசிக் கோட்டை. சேந்துதான் ஏறினாங்களாம், மேல முத்திரை குத்தினாங்களாம், மூணரைக்கு எறங்கறப்ப ஈர இலையில வழுக்கி அக்கா பாறையிலேர்ந்து விழுந்துட்டாளாம். உடனே உயிர் போயிடுச்சாம். வலியே இல்லன்னு சத்தியம் பண்றான்.” அவள் குரல் தணிந்தது. “அது உண்மையான்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்.”

“தள்ளிவிட்டுட்டான், வேறென்ன!” என்றாள் ஹெட்விகா.

“பஸ்ஸை எடுக்கறதுக்கு முன்னாடியே ஹாரன் அடிக்காதே” என்றார் பிளாஷெய்.

அவர் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இடது காலணியின் கயிறு கணுக்கால்வரை இறுக்கிக் கட்டியிருந்தது. வலது காலணியின் கயிறு அடிவரை தளர்த்தப்பட்டிருந்தது. பட்டியலை இரண்டு முறை படித்தார். உள்சட்டை, இரண்டு கம்பளிச் சட்டை, காற்றுத்தடுப்பு மேலங்கி, அதற்குமேல் மழையங்கி. எல்லாம் உடம்பில் இருந்தவை. கடைசி வரி: ‘காலுறை ஒரு ஜோடி, இரு கைகளிலும்.’

பிறகு முத்திரைப் புத்தகத்தைத் திறந்தார். கோட்டைக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு முத்திரையின்மேலும் அந்தந்த மலையில் பொறுக்கிய ஓர் இலையை வைத்து அழுத்தியிருந்தாள் ஜெல்மீரா. மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டாமலிருக்க அவள் கண்டுபிடித்த வழி. பதினொரு முத்திரை, பதினொரு இலை. பன்னிரண்டாவதில் இலை இல்லை. முத்திரை எதிர்ப்பக்கத்தில் இடம்வலம் மாறி அப்பியிருந்தது.

“அவசரத்துல மறந்திருக்கலாம்” என்றாள் ஹெட்விகா.

“இருக்கலாம். இத மட்டும் வெச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஓட்டிலியா, உங்க அக்கா புருஷன் ஸ்திபோர் எங்க இருக்கார்?”

“கீழ கார்ல. அவன்தான் என்னைக் கூட்டிக்கிட்டு வந்தான்.”

“மேல வரச் சொல்லுங்க.”

ஸ்திபோர் உயரமான மனிதன். ஒரு வாரத் தாடி. மேசைமேல் இருந்தவற்றைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். பிளாஷெய் ஒரு சின்னக் கோப்பையில் பிளம் சாராயம் ஊற்றி அவன் பக்கம் நகர்த்தினார். அவன் தொடவில்லை.

“மலை எறங்கறவன் காலணியை இறுக்கிக் கட்டுவான். எப்ப தளர்த்துவான், ஸ்திபோர்?”

ஸ்திபோரின் பார்வை வலது காலணிக்குப் போனது.

“கால் வீங்கினா தளர்த்துவான்” என்று ஹெட்விகா முந்திக்கொண்டாள்.

“ஆமா. மூணு மணிநேரம் ஏறி எறங்கினவ உடம்பு கொதிக்கும். மேலங்கியைக் கழட்டி இடுப்புல கட்டிக்குவா. இவ கொண்டுபோன துணி எல்லாத்தயும் போட்டிருக்கா. அதுவும் பத்தாம மாத்துக் காலுறையைக் கையில மாட்டியிருக்கா. நடக்கறவ செய்யற வேலையா இது? ரொம்ப நேரம் ஒரே எடத்துல உக்காந்திருந்தவ செய்யற வேலை. அவ மேல வரவே இல்ல. பாதி வழியில கால் பிசகிடுச்சு. நீங்க அவ புத்தகத்தயும் வாங்கிக்கிட்டு ஏறினீங்க. முத்திரையைக் குத்தி பட்டுனு மூடினீங்க. இலை வைக்கற பழக்கம் உங்களுக்கு இல்ல.”

ஸ்திபோர் மெதுவாக உட்கார்ந்தான்.

“அக்டோபர் கடைசி ஞாயிறு” என்றான். “கோட்டையில ஒரு குடில் இருக்கு, முத்திரை அங்கதான். அன்னிக்கு மூணு மணிக்கு அதப் பூட்டினா வசந்தத்துலதான் திறப்பாங்க. பதினொண்ணு முடிச்சிட்டோம். பாதி வழியில இருக்கற ஊற்றுக்கிட்ட அவளுக்குக் கால் பிசகினப்ப மணி ஒண்ணு. ‘நீ போயிட்டு வா, எனக்கும் சேத்துக் குத்திக்கிட்டு வா’ன்னு அவதான் புத்தகத்தக் குடுத்தா. வெளிச்சம் அஞ்சரை வரைக்கும் இருக்கும்னு நெனச்சேன்.”

“குளிர்காலம் வருதுன்னு அன்னிக்குக் காலையிலதான் நாடு பூரா கடிகாரத்த ஒரு மணி பின்னாடி வெச்சோம். இருட்டும் ஒரு மணி முன்னாடியே வந்துடும்” என்றார் பிளாஷெய்.

“கைக்கடிகாரத்த மாத்தினேன். இருட்டு எப்ப வரும்னு மட்டும் பழைய கணக்குலயே போட்டுட்டேன். மேல போய் அரட்டை அடிச்சேன். சூப் குடிச்சேன். திரும்பி வந்தப்ப நாலரை தாண்டிடுச்சு, அவ அங்க இல்ல. தனியா எறங்கப் பாத்திருக்கா. பள்ளத்துல...” அவன் முடிக்கவில்லை.

“சூப்பா?” என்றாள் ஓட்டிலியா. “அவ காலுறையைக் கையில மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. நீ சூப் குடிச்சியா?”

ஹெட்விகா தலையைக் குனிந்துகொண்டாள். கொலைகாரனை எதிர்பார்த்து வந்தவள், இவனை என்னவென்று அழைப்பது என்று தெரியாமல் விழித்தாள்.

“விழுந்ததும் உயிர் போயிடுச்சா ஐயா?” ஓட்டிலியா பிளாஷெயைத்தான் கேட்டாள்.

“காலுறையோட உள்ளங்கைப் பக்கம் பூரா மண்ணும் மரப்பட்டையும். மேல பாதை பூரா பாறை, இந்த மண்ணு பள்ளத்துலதான் இருக்கும். விழுந்தப்புறம் கொஞ்ச தூரம் ஊர்ந்திருக்கா. எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லவும் மாட்டேன்.”

கீழே தெருவில் தேவாலய மணி அடித்து ஓய்ந்தது. ஓட்டிலியா எல்லாவற்றையும் பையில் அடுக்கினாள். காலுறைகளை மட்டும் தன் கோட்டுப்பைக்குள் திணித்துக்கொண்டாள்.

“போலீசுக்கு எழுதிக் குடுத்துடறேன்” என்றான் ஸ்திபோர். “எல்லாத்தயும் சொல்லிடறேன்.”

“சொல்லுவே. உன் மனசு லேசாயிடும். அப்புறம் அது பேப்பர்ல வரும், அம்மா படிப்பா.” அவள் அவனை முதல்முறையாக நேராகப் பார்த்தாள். “எழுபத்தெட்டு வயசு அவளுக்கு. வலியில்லாமப் போனாளேன்னு ஒண்ணத்த மட்டும் பிடிச்சுக்கிட்டு உசுரோட இருக்கா. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வா. உன்னத் திரும்பவும் கேப்பா. மூணரை மணி, ஈர இலை, உடனே போயிட்டா. ஒரு வார்த்தை மாறக் கூடாது.”

“நீ?”

“நானும் பக்கத்துல உக்காந்து தலையாட்டறேன். எந்திரி. என்னை வீட்டுல கொண்டு விடு.”