ஒன்பது சங்கிலித் தூரம்

காலை ஏழு மணிக்கு எல்லைக்கல் பிடுங்கிப் போடப்பட்டிருந்ததைப் பார்த்தார்கள். எட்டு மணிக்கெல்லாம் திருடன் யாரென்று கடப்பாக்கமே முடிவு செய்துவிட்டது. போலீசுக்கு மிச்சம் வைத்தது எழுத்து வேலை மட்டும்தான்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. ரேணுகாவின் மேஜைக்கு எதிரே மூன்று நாற்காலிகள். புகார் கொடுத்த அப்பாசாமி ஒன்றில், அவர் மகன் ஆனந்தன் ஒன்றில், இருவருக்கும் டீ. மூன்றாவதில் யாரோ ஹெல்மெட்டை வைத்திருந்தார்கள். ஊர் கைகாட்டிய காலனிக்காரன் கிருபாகரனும் அவன் அம்மா மேரியும் சுவரோரம் நின்றார்கள்.

"போன மாசம் வேலி போட்டான் மேடம். அப்பவே ரெண்டு கல்லை எங்க பக்கம் தள்ளிட்டான்," என்றார் அப்பாசாமி. "நேத்து ராத்திரி மூணாவதுல கை வெச்சிருக்கான்."

"அளந்தது யாரு?"

"நான்தான்," என்றான் ஆனந்தன். பொறியியல் கல்லூரி ஒன்றில் லேப் உதவியாளன். "காலேஜ்ல நிலம் அளக்குற சங்கிலி. நூறு லிங்க். பழைய நில வரைபடமும் லிங்க்லதான் கீது."

"நீ இன்னா சொல்ற?" என்று ரேணுகா சுவரோரம் திரும்பினாள்.

"நான் தொடவேயில்ல மேடம்," என்றான் கிருபாகரன். கல்பாக்கத்தில் ஒப்பந்த டெக்னீஷியன். "கேஸ் போட்டா கேட் பாஸ் போய்டும். வேலையும் போய்டும்."

"அதை முன்னாடியே யோசிச்சிருக்கணும்," என்றாள் ரேணுகா.

பத்தரை மணி. நிலம். ரோட்டை ஒட்டி கிருபாகரனின் மனை, அதைத் தாண்டி அப்பாசாமியின் சவுக்குத் தோப்பு. நடுவே எல்லை மூன்று இடங்களில் படிபோல மடங்கும். ரோட்டிலிருந்து மூன்று, ஆறு, ஒன்பது சங்கிலித் தூரத்தில் ஒவ்வொரு கல் என்கிறது வரைபடம்.

மூன்றாவது கல் மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் இரண்டு குழிகள். ரோட்டுப் பக்கத்துக் குழியில் வேப்பமர வேர் ஒன்று வெட்டுப்பட்டு வெள்ளையாகத் தெரிந்தது. தோப்புப் பக்கத்துக் குழியில் கட்டைவிரல் பருமனுள்ள வேர் ஒன்று குழிச்சுவரை ஒட்டி வந்து, மூலையில் மடங்கிப் போனது.

"இதுல இருந்து பிடுங்கி, அதுல நடப் பார்த்திருக்கான்," என்று ரோட்டுப் பக்கத்துக் குழியிலிருந்து தோப்புப் பக்கத்துக் குழிக்கு விரலை நகர்த்தினான் ஆனந்தன்.

"சங்கிலியைப் பிடி. என் முன்னாடி அள."

அளந்தான். முதல் கல் தோப்புப் பக்கமாக முப்பத்தைந்து சென்டிமீட்டர் தள்ளியிருந்தது. இரண்டாவது எழுபது. ஒன்பதாவது சங்கிலியின் கைப்பிடி ரோட்டுப் பக்கத்துக் குழியில் போய் நின்றது. அங்கிருந்து மற்ற குழி நூற்றைந்து.

ரேணுகா அந்த மூன்று எண்களையும் முணுமுணுத்துப் பார்த்தாள். நிலம் திருடுகிறவன் ரோட்டிலிருந்து தள்ளத் தள்ள இப்படிக் கணக்காக ஏற்றிக்கொண்டே போவானா? விபத்து இடங்களை அளக்கும் டேப்பை ஜீப்பிலிருந்து எடுத்துவரச் சொல்லி, சங்கிலி பக்கத்தில் நீட்டினாள். சரியாக இருபது மீட்டர்.

"அந்தக் காலத்துச் சங்கிலி எத்தனை அடி, ஆனந்தன்?"

அவன் முகம் வெளுத்தது. "அறுபத்தாறு."

"மீட்டர்ல?"

"இருபது மீட்டர்... பன்னெண்டு சென்டிமீட்டர்."

"உன் சங்கிலியிலயும் நூறு லிங்க். ஆனா ஒவ்வொண்ணும் குட்டை. ஒரு சங்கிலிக்குப் பன்னெண்டு சென்டிமீட்டர் குறைச்சல். ஒன்பதுக்கு எவ்ளோன்னு நீயே போடு."

டேப்பில் அறுபத்தாறு அடிக் கணக்கில் அளந்ததும் முதல் இரண்டு கல்லும் இம்மி பிசகாமல் நின்றன. மூன்றாவது தூரம் தோப்புப் பக்கத்துக் குழியில் முடிந்தது.

"இந்த வேர் எதையோ முட்டி வளைஞ்சிருக்கு," என்றாள் ரேணுகா. "ஒரு ராத்திரியில வேர் இப்படி வளையாது. கல்லு வருஷக்கணக்கா இங்கதான் இருந்திருக்கு. ரோட்டுப் பக்கத்துக் குழிதான் புதுசு, வேரு வெட்டுன ஈரம்கூடக் காயல. தப்பான சங்கிலியோட ஒன்பதாவது நுனி எங்க விழும்னு தெரிஞ்சவன் ஒருத்தன்தான். அளவு தப்பினது தப்பில்ல ஆனந்தன். குழி எதுக்குத் தோண்டின?"

பதில் அப்பாசாமியிடமிருந்து வந்தது.

"தோண்டினது அவன். தோண்டச் சொன்னது நான். திருடிட்டான்னு நெசமாவே நம்பினோம் மேடம். சாட்சிதான் இல்ல, அதான் உண்டாக்கினோம். காலனி ஆளுன்னதும் வேற நெனப்பே வரல." நாற்பது பேர் நின்ற இடத்தில் அதைச் சொல்லிவிட்டு அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. ரேணுகாவுக்கும் அப்படி நழுவ முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். வேர் வளைந்ததை அவள் வந்தவுடனேயே பார்த்தாள். பார்த்தும், கேள்வி கேட்கத் தோன்றவில்லை. வேறு நினைப்பு அவளுக்கும்தான் வரவில்லை. வெட்கம் காதுவரை சுட்டது.

மதியம், வாக்குமூலம் வாங்க எல்லோரும் ஸ்டேஷனுக்குத் திரும்பினார்கள். இந்த முறை அப்பாசாமியும் மகனும் சுவரோரம் போய் நின்றுகொண்டார்கள். ரேணுகா அவசரமாக ஹெல்மெட்டை எடுத்துக் கீழே வைத்து, நாற்காலியைத் தன் கையாலேயே துடைத்தாள்.

"உக்காருங்கம்மா."

மேரி உட்காரவில்லை. நாற்காலியைப் பார்த்தாள், பிறகு ரேணுகாவைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை.

"இந்த சேரு காலைலேர்ந்து இங்கதான கீது?"