அவங்க பக்கம்தான் பிரச்சினை

மற்ற எல்லாம் திறந்தது. செய்தி திறந்தது, வங்கி திறந்தது, பேருந்து நேரம் திறந்தது, என்றோ செருப்பு வாங்கப் போய் வாங்காமல் திரும்பிய கடைகூட ‘மீண்டும் வருக’ என்று பல்லைக் காட்டிக்கொண்டு திறந்தது. அந்த ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை. வெள்ளைத் திரையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு வரி: இந்தத் தளத்தை அடைய முடியவில்லை.

மணி மூன்றேகால். வெளியே நல்ல வெயில். ஜன்னல் கம்பிகளின் நிழல் மேசை மேல் விழுந்திருந்தது, மாடி வீட்டுக்காரர்களின் துணி துவைக்கும் இயந்திரம் கூரைக்கு மேலே உருண்டுகொண்டிருந்தது. பயப்படுவதற்கு ஒன்றுமில்லாத நேரம். அவனும் பயப்படவில்லை, எரிச்சல்தான் பட்டான். இருபத்திரண்டு வருடமாக இணைய இணைப்பு நிறுவனமொன்றின் உதவி எண்ணில் உட்கார்ந்து, ஊர் உலகத்துக்கெல்லாம் தொலைபேசியிலேயே வைத்தியம் பார்க்கிறவன் அவன். தெருப் பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் ‘ரீஸ்டார்ட் மாமா’. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்பார்கள். அப்படித்தான் ஆனது.

மதியம் வீட்டுத் தொலைபேசியில் மகள் கூப்பிட்டிருந்தாள். கல்லூரி விடுதியில் இருக்கிறாள், கடைசி வருடம்.

“அப்பா, லேபுக்குள்ள போயிட்டா போனை வாங்கி வெச்சுடுவாங்க. அஞ்சு மணிக்குத்தான் விடுவாங்க. அந்த சைட்டும் அஞ்சு மணிக்கு மூடிடும். என் சர்டிபிகேட் எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டர்லதானே இருக்கு? அதை ஏத்திட்டு, கடைசியில ‘சம்மதம்’னு ஒரு பட்டன் இருக்கும், அமுக்கிடுங்க.”

“இது என்ன பெரிய வித்தையா? அஞ்சு நிமிஷ வேலை.”

“விளையாட்டா எடுத்துக்காதீங்கப்பா. விட்டா வேலை அடுத்தவங்களுக்குப் போயிடும். அம்மாவுக்கு ஆன மாதிரி ஆயிடக் கூடாது.”

அவன் தொலைபேசியை வைத்தான்.

அவள் அம்மாவுக்கும் இதே தளம்தான், வேலை கொடுக்கும் இதே பள்ளிதான். வெகு தொலைவில், மலையடிவாரத்தில் ஒரு தங்கும் பள்ளி. இரண்டு வருடத்துக்கு முன் அவளை ஆசிரியையாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வீடும் கொடுப்பார்கள், சம்பளமும் நல்ல சம்பளம். செய்ய வேண்டியதெல்லாம் ஐந்து மணிக்குள் ‘சம்மதம்’ என்று அமுக்குவது. அன்றும் அந்தத் தளம் இந்த வீட்டில் மட்டும் திறக்கவில்லை.

இப்போது கணினியில் கட்டளை தட்டும் கறுப்புச் சன்னலைத் திறந்து, தளத்தின் பெயரைத் தட்டி, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும் கட்டளையைக் கொடுத்தான். தினமும் நூறு பேரைச் செய்யச் சொல்கிற வேலைதான். நான்கு பதில்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆன நேரம், ஒரு மில்லிவினாடிக்கும் குறைவு.

அவன் கை நின்றது. எங்கோ இருக்கும் தளத்துக்குப் போய்த் திரும்ப நாற்பது ஐம்பது மில்லிவினாடியாவது ஆகும். பக்கத்து வீட்டுக் கணினியைக் கேட்டால்கூட ஒன்றிரண்டு ஆகும். இவ்வளவு சீக்கிரம் பதில் வர வேண்டுமென்றால், பதில் சொல்கிறவர் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

பதிலுக்குப் பக்கத்தில் எண் இருந்தது. 127.0.0.1.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்த எண்ணைச் சொல்லிக் கொடுக்கும்போது அவன் ஒரு நகைச்சுவை வைத்திருந்தான். “இது எந்த வீட்ல கேட்டாலும் அதே வீட்டு விலாசம்தான். தபால்காரன் வாசல் வரைக்கும் போயிட்டு, அப்படியே திரும்பி உள்ள வந்து, ‘இங்கதாங்க அந்த வீடு’ம்பான்.” எல்லாரும் சிரிப்பார்கள்.

இப்போது நினைவு வந்தது. மறந்துபோயிருந்தான் என்று சொல்ல முடியாது. மறந்ததாக வைத்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு கணினிக்குள்ளும் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு சின்னக் கோப்பு உண்டு, பழைய முகவரிப் புத்தகம் மாதிரி. ஒரு தளத்தைத் தேடி வெளியே கிளம்புமுன் கணினி அதைத்தான் முதலில் புரட்டும். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வேதவாக்கு. அன்று காலை மனைவி குளிக்கப் போன நேரத்தில் அவன் அதில் ஒரு வரி எழுதினான். பள்ளியின் தளம், அதற்கு நேராக 127.0.0.1. கேட்டால் இங்கேயே திரும்பி வா என்று அர்த்தம்.

போனால் திரும்ப மாட்டாள் என்று பயம். அவளுக்கும் மகளுக்கும் அவன் இல்லாமலே நன்றாக நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அன்று முழுக்க அவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தைப் புதுப்பிக்கும் எப்-ஐந்து விசையை அமுக்கிக்கொண்டே இருந்தாள். டக். டக். அந்த விசையில் எழுத்து இன்றைக்கும் இல்லை, தேய்ந்துவிட்டது. தலைவலித் தைலம் தேய்த்த நெற்றியோடு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி, “என்னங்க, இப்ப வருதா பாருங்க” என்பாள். அவன் வந்து நாற்காலி முதுகில் ஒரு கை வைத்துக் குனிவான். திரை தெரிய வசதியாக அவள் சற்று ஒதுங்கி இடம் விடுவாள். இவன் வெறுங்கையால் முழம் போட்டுவிட்டு, “நம்ம பக்கம் எல்லாம் சரியா இருக்கு. அவங்க பக்கம்தான் பிரச்சினை” என்பான். ஐந்து அடித்தது. ஏழு மாதம் கழித்து ஒரு பிற்பகலில் அதே நாற்காலியில், திரை எரிந்துகொண்டிருக்க, இதயம் நின்று இறந்துபோனாள். துக்கம் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், அந்தத் தளம்தான் அவளை ஏமாற்றிவிட்டது என்று அவன் அழுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றையும் தின்றான்.

சரி, அழித்துவிட்டால் போயிற்று. கோப்பைத் திறந்தான்.

அவன் எழுதிய வரி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே அவன் எழுதாத வரி ஒன்று இருந்தது.

# பார்த்துட்டேன்.

ஹேஷ் குறி போட்டு எழுதுவதைக் கணினி படிக்காது. பின்னால் வந்து திறக்கிற மனிதருக்காக எழுதுவது அது. அவன்தான் என்றோ அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தான். கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியைப் பார்த்தான். தளம் மூடிய அந்த நாளுக்கு ஆறு நாள் கழித்து.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏறக்குறைய ஏழு மாதம் சோறு போட்டிருக்கிறாள், சட்டைக்குப் பொத்தான் தைத்திருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். அவள் மேல் அவனுக்குக் கோபம் வந்தது, கோபம் வந்ததற்கு வெட்கமும் வந்தது.

இரண்டு வரிகளையும் அழித்தான். சேமித்தான். மறுபடி கட்டளை கொடுத்தான்.

ஒரு மில்லிவினாடிக்கும் குறைவு.

கோப்பைத் திறந்தான். அவன் வரி திரும்ப வந்திருந்தது. கீழே வேறொன்று.

# எத்தனை மணிக்கு மூடறாங்க?

திருத்திய நேரம் இன்று, மூன்று நாற்பத்தொன்று. சுவர்க் கடிகாரத்திலும் மூன்று நாற்பத்தொன்றுதான்.

யாரோ வெளியிலிருந்து உள்ளே புகுந்து விளையாடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டான். இருபத்திரண்டு வருட அனுபவம் அதைத்தான் சொல்ல வைத்தது. எழுந்து போய் ரவுட்டரிலிருந்து கம்பியை உருவினான். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இனி வெளியிலிருந்து ஈகூட நுழைய முடியாது. திரும்பி வந்து வரிகளை அழித்து, சேமித்து, மூடி, திறந்தான்.

# ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?

மேலே துணி துவைக்கும் இயந்திரம் ஓய்ந்துவிட்டிருந்தது. எப்போது ஓய்ந்தது என்று தெரியவில்லை. தெருவில் வண்டிச் சத்தம் இல்லை. வீட்டுக்குள் தைல வாசனை இருந்தது, அலமாரியில் மூடி வைத்த பழைய வாசனை அல்ல, இப்போதுதான் இரண்டு விரலால் எடுத்து நெற்றியில் தேய்த்த வாசனை.

கணினியை அணைத்தான். கறுத்த திரையில் அவன் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் கூடம், கூடத்தின் கோடியில் வாசல் கதவு. வேறு யாரும் இல்லை. ஆனால் நாற்காலி முதுகு லேசாகப் பின்னால் சாய்ந்தது, யாரோ அதன் மேல் ஒரு கையை வைத்தது போல.

துள்ளி எழுந்தான். கைப்பேசியை எடுத்தான். சிக்னல் இல்லை. ஜன்னலோரம் போனான், இல்லை. “வீட்டுக்குள்ள சரியா எடுக்காது சார், வெளியே போய் ட்ரை பண்ணுங்க.” எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பான்!

ஆமாம், வெளியே. தெருமுனையில் நகலெடுக்கும் கடை இருக்கிறது, அங்கே கணினி இருக்கிறது. எது எப்படிப் போனாலும் மகளின் வேலை போகக் கூடாது. அந்த ஒன்றில் மட்டும் அவன் மனதில் கள்ளம் இல்லை. கணினியை மறுபடி உயிர்ப்பித்து, சான்றிதழ்களைப் பென் டிரைவில் ஏற்றினான். சுவர்க் கடிகாரத்தில் அதற்குள் நாலு நாற்பது ஆகியிருந்தது. கோப்பை அவன் திறக்கவில்லை. அது தானாகத் திறந்து கிடந்தது.

# நீங்க ஒதுங்குங்க. நான் பார்த்துக்கறேன்.

செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினான். தாழ்ப்பாளை இழுத்தான். கதவைத் திறந்தான். வெயில் இல்லை. கூடம் இருந்தது. அதே கூடம், அதே மேசை, ஜன்னல் கம்பியின் அதே நிழல். கோடியில் ஒரு கதவு திறந்திருந்தது, அதன் எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். கையில் பென் டிரைவ். வெறுங்கால்.

வாசற்படியைத் தாண்டிக் கால் வைத்தான். கால் கூடத்துத் தரையில் பட்டது. எதிரே நின்றவனும் ஒரு படி தாண்டினான். ஓடினான். இன்னொரு வாசல். இன்னொரு கூடம். இன்னொரு முதுகு. மூச்சு வாங்கியது. நின்றான்.

இங்கதாங்க அந்த வீடு.

டக்.

பின்னால். மேசைப் பக்கம்.

டக். டக்.

திரும்பக் கூடாது என்று நினைத்தான். கழுத்து திரும்பியது. நாற்காலியில் யாருமில்லை. விசைகள் மட்டும் தாழ்ந்தன, எழுந்தன. திரையில் அந்தத் தளம் திறந்திருந்தது. ரவுட்டரில் ஒரு விளக்குகூட எரியவில்லை, தளம் திறந்திருந்தது. மகளின் பெயர் எழுத்தெழுத்தாக ஏறியது. சான்றிதழ்கள் ஏறின. நிதானமாக, ஒரு பிழைகூட இல்லாமல். அம்பு மெல்ல நகர்ந்து ஒரு பட்டன் மேல் நின்றது. சம்மதம்.

நாலு ஐம்பத்தெட்டு.

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அழுகை வந்தது. அதில் பயம் பாதி, நிம்மதி பாதி. “மன்னிச்சுடு” என்றான். திரையில் பட்டன் அமுங்கியது.

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது. பாய்ந்து எடுத்தான்.

“அப்பா! ஏத்துக்கிட்டாங்கன்னு மெயில் வந்துடுச்சுப்பா! நான் போறேன்பா! ஆனா பாருங்க, பாதுகாவலர் பேர்ல அம்மா பேரைப் போட்டிருக்கீங்க. பழக்கதோஷமா?”

“கண்ணு, கேளு, வீட்டுக்கு யாரையாவது அனுப்பு. கதவு... கதவு வெளியே போகலை...”

“அப்பா? ஹலோ? பேசுங்கப்பா.”

“பேசறேம்மா! பேசிட்டுத்தான் இருக்கேன்!”

“ஒண்ணுமே கேக்கலை. என் பக்கம் எல்லாம் சரியா இருக்குப்பா. உங்க பக்கம்தான் ஏதோ பிரச்சினை. வெச்சுடறேன்.”

லைன் செத்தது.

திரை வெளுத்தது. நடுவில் சாம்பல் நிற வரி. கீழே, திறந்து கிடந்த கோப்பில், வரிகள் ஏறிக்கொண்டிருந்தன. செய்தி. வங்கி. பேருந்து. அவன் அலுவலகம். மகளின் விடுதி. ஒவ்வொன்றுக்கும் நேராக அதே எண். இங்கே. இங்கே. இங்கே.

டக்.

வாசலுக்கு அப்பால் வரிசையாக அத்தனை கூடங்களிலும் டக்.

இப்போது நாற்காலி காலியாக இல்லை. பின்னல் தெரிந்தது. தோள் தெரிந்தது. எழுத்துத் தேய்ந்த விசை மேல் ஒரு விரல் தெரிந்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை. குரலில் கோபமும் இல்லை.

“என்னங்க, இப்ப வருதா பாருங்க.”

அவன் கால்கள் அவனைக் கேட்காமல் மேசையை நோக்கி நடந்தன. கை எழுந்து நாற்காலி முதுகைத் தொட்டது. குளிர்ந்திருந்தது. திரை அவனுக்குத் தெரிய வசதியாக, அன்று போலவே, அவள் சற்று ஒதுங்கி இடம் விட்டாள்.