சதுப்பில் கிடந்த கயல்

பிணம் கண்ணாடிக்குள் கிடந்தது.

கறுப்புத் திரை. பச்சைப் புள்ளிகளால் ஆன சேறு. சேற்றின் நடுவே கட்டைவிரல் நகமளவு ஒரு பெண்ணுருவம், மல்லாந்து, அசைவில்லாமல். அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரே வரி: ‘கயல் இறந்துவிட்டாள்.’

“எட்டு மாசம் வளர்த்தேங்க,” என்றார் திருமலைச்சாமி.

சப்-இன்ஸ்பெக்டர் தமயந்தி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பின்னாலிருந்து ஹெட் கான்ஸ்டபிள் மாடசாமி குனிந்து கிசுகிசுத்தார்.

“எந்த செக்‌ஷன்ல போடுறதுங்கம்மா? முன்னூத்தி ரெண்டுலயா?”

“சும்மா இருங்கண்ணே.”

அது 1986, நவம்பர். கொடைக்கானலில் பகலிலேயே விளக்குப் போட வேண்டிய மாதம். வட்டக்கானல் ரோட்டுக்குக் கீழே, ஜீப் இறங்காத சரிவில், சோலைக்காட்டை ஒட்டி நின்றது திருமலைச்சாமியின் பங்களா. மனிதர் இருபத்தைந்து வருஷம் சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். கல்யாணம் இல்லை. கரையேறிய கையோடு மலையேறிவிட்டார். கொண்டுவந்த சொத்து, கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று. அதற்கு ஒரு புது விளையாட்டை சிங்கப்பூரிலிருந்து பழைய சிநேகிதர் அனுப்பியிருந்தார். அமெரிக்காவில் இந்த வருஷம்தான் வெளியானது.

அவர் டி.எஸ்.பி.க்கு போன் போட்டார். டி.எஸ்.பி. ஸ்டேஷனுக்குப் போட்டார். ஸ்டேஷனில் எல்லாருக்கும் திடீரென்று வேறு சோலி வந்துவிட்டது. மிச்சம் இருந்தது தமயந்தி.

“என்ன விளையாட்டு சார் இது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

“இதுல ஒரு முழு நாடே கெடக்குங்க. மலை, காடு, சந்தை, சத்திரம், எல்லாம். எந்தத் திசையில வேணும்னாலும் நடக்கலாம். எங்க போறேன்னு கேக்க ஆள் கெடையாது. ஆனா முதல்ல நமக்குன்னு ஒரு ஆளை உருவாக்கணும். பலம் எவ்வளவு, புத்தி எவ்வளவு, பேச்சு சாமர்த்தியம் எவ்வளவுன்னு நாமதான் பங்கு வைக்கணும்.”

“நீங்க எதுக்கு அதிகமா வச்சீங்க?”

“தாங்குற சக்திக்கு.” அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். “தனியா இருக்கிறவளுக்கு வேற எதும்மா உதவும்?”

மாற்றலாகி மலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது தமயந்திக்கு. குவார்ட்டர்ஸ் சுவரில் ஈரம் படம் வரைகிறது. டியூட்டி முடிந்து கதவைச் சாத்தினால் மறுநாள் கதவைத் திறக்கும்வரை பேச்சுக்கு ஆள் இல்லை.

“செத்தா மறுபடி எழுப்ப முடியாதா?”

“முடியாது. செத்த நிமிஷமே டிஸ்க்குல எழுதிரும். நான் கண் டாக்டரைப் பாக்க மதுரைக்குப் போயிருந்தேன். இன்னிக்கு வெள்ளனே வந்து போட்டுப் பாத்தா இப்படிக் கெடக்கா. செஞ்சது அந்த வாத்தியார் கணபதி. இங்க பாருங்க.”

ஒரு விசையைத் தட்டினார். இறந்தவளின் உடைமைகள் வரிசையாக வந்தன. தோல் சட்டை, கம்பளி, கைத்தடி: உடம்பில். ரொட்டி, விளக்கு, உப்பு, பூட்ஸ்: பைக்குள்.

“பூட்ஸ் காலுல இருக்கணும். இந்தச் சதுப்புல விஷப்பூச்சி. பூட்ஸோட நடந்தா ஒண்ணும் ஆகாது. வெறுங்காலோட பத்தடி வச்சா முடிஞ்சது. தெரிஞ்சே கழட்டியிருக்கான். இந்த விஷயம் இந்த மலையில எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும்.”

“உப்பு எதுக்கு?”

“கறி கெடாம வைக்க. நான் வாங்குறதே இல்ல. என்னத்தையோ வாங்கி வச்சிருக்கான். அதை விடுங்க. அவன் பிரின்சிபாலுக்கும் சொல்லிட்டேன். போலீஸ் என்ன சொல்லுதோ அதை வச்சு அவன் வேலையைப் பத்தி இன்னிக்கே முடிவு பண்ணுறேன்னுட்டாரு. இன்னொண்ணும் கேட்டுக்கங்க. செஞ்சது யாரா இருந்தாலும் சரி, இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது.”

உள் வாசலில் காபித் தம்ளரோடு நின்ற சமையல்கார வேலம்மா, அதை மேசையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனாள்.

மணி பத்தரை. கணபதி வந்து சேர்ந்தான். பள்ளிக்கூடம் ஒன்றில் கம்ப்யூட்டர் வாத்தியார். மெட்ராஸ் பையன். இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்கினான். நடுக்கம் குளிருக்கு மட்டும் இல்லை.

“இந்த வீட்டுக்குள்ள எப்படி வந்தீங்க?”

“சார்தான் வரச் சொன்னார் மேடம். மிஸ்ட்ல மெஷின் பூத்துப் போயிடும். தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓட விட்டு சூடு பண்ணணும். அதுக்குத்தான் வந்தேன்.”

“விளையாடலையா?”

“என் ஆள் வேற டிஸ்க்ல இருக்கான். அவனைத்தான் ஓட்டினேன். கயல் டிஸ்க்கை நான் தொடலை.”

“அவருக்கும் உங்களுக்கும் சண்டையாமே?”

“என் ஆள் மூணு தடவை செத்துட்டான். கயல் ஒரு தடவைகூடச் சாகலை. பொறாமைதான். இல்லேன்னு சொல்லலை.”

“சதுப்புல வெறுங்காலோட போனா சாவுன்னு யாருக்குத் தெரியும்?”

“எனக்கும் சாருக்கும்.”

“வேற யாருக்கும்?”

“இல்லை மேடம்.”

மாடசாமி நெற்றியில் அடித்துக்கொண்டார். தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போடும் குற்றவாளியைத் தமயந்தி இப்போதுதான் பார்க்கிறாள். பொய் சொல்லத் தெரியாதவன் கொலை செய்வானா? செய்வான். கேஸ் டைரிகள் அப்படித்தான் சொல்கின்றன.

முன்னறையில் கணப்படுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் இராமலிங்கம். திருமலைச்சாமிக்கு அண்ணன். வத்தலக்குண்டில் காய்கறி மண்டி. வில்பட்டிக்குக் கேரட் பார்க்க வந்தவர், தம்பி ஊரில் இல்லாதபோது ஒரு ராத்திரி இங்கே தங்கியிருக்கிறார்.

“தம்பி இந்த வீட்டை வித்துட்டுக் கீழ வரணும்னு நீங்க சொல்றீங்களாமே?”

“ஆமாம்மா. அதுல என்ன ஒளிவு? அம்பத்தி மூணு வயசு ஆம்பள, பொட்டிக்குள்ள ஒரு பொம்மையோட குடித்தனம் பண்ணுறான். ஊருல கேக்குறவனுக்கு நான் என்ன சொல்ல?”

“அப்ப பொம்மை செத்தா உங்களுக்கு நல்லதுதான்.”

“ரொம்ப நல்லது.”

“கொன்னீங்களா?”

“அட போம்மா! கொல்லத் தெரிஞ்சா எப்பவோ கொன்னிருப்பேன். அன்னிக்கு ஒரு பித்தானை அமுக்கிட்டேன். கீ... கீன்னு ஒரே கத்து. எலிப்பொறியில மாட்டுன மாதிரி ஆயிப்போச்சு எனக்கு. வேலம்மா ஓடியாந்து அணைச்சா. அத்தோட அந்தப் பக்கமே போகல.”

தமயந்தி எழுந்தாள். வலது கணுக்காலில் என்னவோ ஈரமாகப் பிசுபிசுத்தது. காலையில் சோலை வழியாக நடந்து வந்தபோது தண்ணீர் புகுந்திருக்கும் என்று நினைத்தபடி அடுப்படிக்குப் போனாள்.

வேலம்மாவுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். நிமிர்ந்து பார்க்காமல் யூகலிப்டஸ் விறகை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“தேத்தண்ணி குடிக்கிறீங்களாம்மா?”

“குடு. எந்த ஊர் உனக்கு?”

“ஹட்டன் பக்கம்மா. சிலோன். எழுபத்தி நாலுல அனுப்பிட்டாங்க. வீட்டுக்காரரு வந்த மறு வருசமே போயிட்டாரு. இங்கதான், பின்னாடி ரூம்புல இருக்கேன்.”

“சொந்தம்னு யாரு?”

“தங்கச்சி. அதுக்கு அந்த நாட்டுப் பிரஜைன்னு சீட்டு குடுத்தாங்க. எனக்கு இந்த நாட்டுச் சீட்டு. அது அங்கயே நின்னுபோச்சு. கலவரத்துக்குப் பொறகு ஒரு சேதியும் இல்ல.” சட்டென்று பேச்சை நிறுத்தினாள். “அம்மா, காலப் பாருங்க!”

காக்கிக் காலுறை சிவந்திருந்தது. தமயந்தி பூட்ஸை உருவினாள். உள்ளே விரற்கடை நீளத்துக்கு, ரத்தம் குடித்து உருண்டு கிடந்தது அட்டை.

வேலம்மா ஒரு சிட்டிகை உப்பை எடுத்து அதன்மேல் போட்டாள். சுருண்டு விழுந்தது.

“மழைக் காட்டுக்குள்ள சப்பாத்து போட்டுக்கிட்டுப் போவாங்களாம்மா? உள்ளுக்குப் போய் ஒளிஞ்சிக்கிரும். குடிச்சு முடிக்கிற வரைக்கும் தெரியாது. வெறுங்காலுன்னா ஏறயிலேயே கண்ணுல பட்டுரும். நாங்க தேயிலைக் கொழுந்து எடுக்கப் போறப்ப கையில உப்பு முடிஞ்சுக்கிட்டு வெறுங்காலோடதான்...”

சொல்லிக்கொண்டே வந்தவள், தமயந்தியின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

தமயந்தி தேநீரை நிதானமாகக் குடித்து முடித்தாள். ஒற்றைக் காலில் பூட்ஸும் மற்றதில் காலுறையுமாகக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள்.

“கணபதி, செத்தப்ப கயலுக்குப் பசி இருந்துச்சா? பாக்க முடியுமா?”

அவன் விசைகளைத் தட்டினான். முகம் மாறியது. “வயிறு நிறைய சாப்பிட்டிருக்கா மேடம். சத்திரத்துல தூங்கியும் எழுந்திருக்கா. உடம்புல ஒரு கீறல் இல்லை.”

“சார் அவளை விட்டுட்டுப் போன இடம் எது?”

“மேற்கு மலைக் கோட்டை,” என்றார் திருமலைச்சாமி. “அங்கேயிருந்து சதுப்புக்கு நாடு முழுக்கக் கடக்கணும்.”

“கோட்டையைச் சுத்தி பள்ளம் இருக்கா? விழுந்தா சாவாளா?”

“ஏன் சாகமாட்டா? கீயில ரெண்டே தட்டு.”

“சதுப்புக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லை மேடம்,” என்றான் கணபதி. “ஒரு துறைமுகம். கப்பல் நிற்கும். ஏறினா அக்கரை.”

தமயந்தி இராமலிங்கத்தையும் வேலம்மாவையும் உள்ளே கூப்பிட்டாள். மாடசாமி கதவை ஒட்டி நின்றுகொண்டார். ஜன்னலில் மூடுபனி வந்து அப்பியது.

“சார், நீங்க ஒரு கொலைகாரனைத் தேடுறீங்க. இங்க கொலைகாரனே இல்லை. கொல்லணும்னு நினைச்சவன் ரெண்டே தட்டுல பள்ளத்துல தள்ளியிருப்பான். இது அப்படி இல்லை. வேளைக்குச் சோறு போட்டு, தூங்க வச்சு, ஒரு கீறல் படாம நாடு முழுக்கக் கூட்டிட்டு வந்திருக்காங்க. உங்களை மாதிரியே பாத்துக்கிட்டிருக்காங்க.”

“அப்ப பூட்ஸை ஏன் கழட்டணும்?”

“அங்கதான் நீங்க வழுக்கிட்டீங்க. சாகணும்னு கழட்டினதா நினைச்சீங்க. அதனால விளையாட்டு விதி தெரிஞ்ச கணபதி மேல சந்தேகம். ஆனா விதி தெரிஞ்சவன் உப்பு ஏன் வாங்கணும்? கயல்கிட்ட கறியே இல்லையே.” தமயந்தி தன் ரத்தக் காலுறையைத் தூக்கிக் காட்டினாள். “ஈரக்காட்டைப் பாத்ததும் பூட்ஸைக் கழட்டிப் பையில வச்சு, உப்பைத் துணைக்கு வச்சுக்கிட்டா ஒருத்தி. அவ காப்பாத்தத்தான் கழட்டினா. பாடத்தைப் புத்தகத்துல படிக்கல, தேயிலைக் காட்டுல படிச்சிருக்கா. அமெரிக்காக்காரன் செஞ்ச காட்டுல அட்டைக்கு வேற சட்டம்னு அவளுக்கு யார் சொன்னது? மெட்ராஸ்காரருக்கு அட்டை தெரியாது. மண்டிக்காரருக்கு மெஷினே தெரியாது. அவர் கத்த விட்ட மெஷினை அணைக்கத் தெரிஞ்சவங்க இந்த வீட்டுல ஒருத்தர்தான்.”

எல்லாருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போயிற்று.

“வேலம்மாவா?” திருமலைச்சாமி சிரிக்கப் பார்த்தார். “அவளுக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்துத் தெரியாதே!”

“எழுத்து எதுக்குங்க தொர,” என்றாள் வேலம்மா. குரல் தரையோடு தரையாக வந்தது. “அந்தக் கோடியில இருக்கிற கட்டைய அமுக்குனா நடக்கும். நடுவுல இருக்கிறத அமுக்குனா திங்கும். கடையில எல்லாம் படமாத்தான போட்டிருக்கு. எட்டு மாசமா காப்பிய வச்சுப்புட்டு ஒங்க முதுகுக்குப் பின்னால நின்னுக்கிட்டுத்தான இருந்தேன். நீங்க ஒருக்காலும் திரும்பிப் பாக்கல.”

திருமலைச்சாமி நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

“வாத்தியாரு தம்பி சூடு பண்ணிட்டுப் போன பொறகு போடுவேன். அந்தப் புள்ள பாவம், அதுக்கு ஒண்ணும் தெரியாது. கயலக் கொல்லணும்னு சத்தியமா நெனைக்கலைங்க. நான் ரூம்பக் காலி பண்ணிக்கிறேன். நாளைக்கு வரைக்கும் மட்டும் டைம் குடுங்க, மழையா கெடக்கு.”

“எங்க கூட்டிட்டுப் போன அவளை?” என்றார் திருமலைச்சாமி.

“கப்பலுக்கு.”

“எந்தக் கப்பலுக்கு?”

“அந்தா, படத்துல ஓரத்துல நிக்குதே. ஒருநாள் நீங்க தூரத்துல இருந்து பாத்துட்டுத் திரும்பிட்டீங்க. நான் பாத்துக்கிட்டு நின்னேன்.” முந்தானையைச் சுருட்டிப் பிடித்தாள். “தங்கச்சி அக்கரையில இருக்குங்க.”

கப்பல்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கடல் அவருக்குத் தெரியும். அந்தக் கடலும் தெரியும்.

“தலைமன்னார் கப்பல் நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு வேலம்மா,” என்றார் மெதுவாக.

“தெரியுங்க தொர. இதுல ஓடுது.”

கணப்படுப்பில் விறகு வெடிக்கும் சத்தம் முன்னறையிலிருந்து கேட்டது. இராமலிங்கம் ஏதோ சொல்ல வந்து, தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, “லாரிக்கு நேரமாச்சு,” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

திருமலைச்சாமி கணபதியின் தோளைத் தொட்டார். “தம்பி, பிரின்சிபாலுக்கு இப்பவே போன் போடுறேன். நான் புத்திகெட்டுப் பேசிட்டேன்னு நானே சொல்றேன். நீங்களும் பக்கத்துல இருந்து கேளுங்க.”

சொன்னபடி செய்தார். ஹாலில் போனைப் பிடித்துக்கொண்டு, எதிர்முனைக்குக் காது செவிடாகும்படி மன்னிப்புக் கேட்டார். கணபதிக்கு அப்போதுதான் நடுக்கம் நின்றது.

திரும்பி வந்தவர் டிஸ்க்கை உருவினார். புதிதாக ஒன்றைச் செருகினார். திரையிலிருந்து சேறும் பிணமும் மறைந்தன. மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார். முன்னால் இல்லை, பின்னால் இல்லை, பக்கத்தில்.

“உக்காரு.”

வேலம்மா நின்றாள்.

“உக்காருன்னா. சதுப்பைச் சுத்தி வடக்கால ஒரு பாதை போகுது. வெரசாப் போக முடியாது. நாள் பிடிக்கும்.”

“பிடிக்கட்டுங்க,” என்றாள் அவள். முக்காலியின் விளிம்பில் ஒட்டினாற்போல் உட்கார்ந்தாள்.

“முதல்ல ஆளைச் செய்யணும். பலம் எவ்வளவு போட?”

“நடக்குற அளவுக்குப் போதுங்க.”

“பேரு?”

அவள் திரையைப் பார்த்தாள். வெகுகாலமாக வாயில் வராத பெயர்போல, உதடு இரண்டு முறை அசைந்த பிறகே சத்தம் வந்தது.

“வள்ளி. தங்கச்சி பேருங்க.”

திருமலைச்சாமி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பனி உள்ளே வராமல் தமயந்தி வெளியிலிருந்து கதவைச் சாத்தினாள்.