பெரட்டு என்று கூப்பிட்டால்

விடிகாலை ஐந்தரைக்கெல்லாம் பெரட்டுக்களத்துக்கு வந்துவிடுவேன். இருபத்திரண்டு வருசமாக இதே தகரக் கொட்டகை, இதே புளித்த ரப்பர்பால் நாற்றம். இருட்டில் நின்று "பெரட்டு! பெரட்டேய்!" என்று கத்தினால் தொழிலாளர் லயத்தில் கதவுகள் திறக்கும். ஆட்கள் கூடியதும் யார் எந்த மலையில் பால் வெட்டுவது என்று சொல்லி அனுப்புவேன்; அதுதான் பெரட்டு. முத்துவீரன் கங்காணியின் குரல் ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்கும் என்பார்கள். இப்போது தொண்டையும் போய்விட்டது, உடம்பும் போய்விட்டது.

ஆட்களுக்கு முன்னால் ஒரு நாய் வந்து நிற்கும். யாருடைய நாயும் இல்லை. முன்காலில் ஒரு விரல் கிடையாது. கூப்பிட்டால் தவறாமல் வருகிறதே என்று அதற்கும் பெரட்டு என்றே பேர் வைத்துவிட்டார்கள். பால் வெட்டுகிற மருதாயிக்கா கொடுக்கும் ரொட்டித் துண்டைத் தின்றுவிட்டு, அவளுக்கு முன்னால் உச்சிமலைக்கு ஏறும். அங்கே காட்டுப்பன்றித் தொல்லை. அந்த நாயை நம்பித்தான் அவள் தனியாகப் போய்வந்தாள்.

தெருநாய்களைப் பிடித்து எங்காவது தூரத்தில் விடச் சொல்லித் தோட்டத்துத் துரை உத்தரவு போட்டார். ஒரு காலை லொறி வந்தது. எல்லாம் அகப்பட்டன, பெரட்டு மட்டும் ரப்பர்க்காட்டுக்குள் ஒளிந்துகொண்டது. தப்பித்தது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மணி ஐந்தரை. பழக்கதோஷம், வாய் தானாகக் கத்திவிட்டது.

"பெரட்டு!"

வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. கழுத்தில் கயிறு விழுந்தது.

"ஹரி, யமு," சரி போகலாமென்று சிங்களத்தில் சொல்லிவிட்டு டிரைவர் கிளம்பினான். முதல் வளைவிலேயே அது கயிற்றோடு குதித்துச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. நான்தான் மதகடியில் புதைத்தேன். ரம்புக்கனை ஸ்டேசனில் விட்டுவிட்டார்கள், ரயிலில் வருகிறவர்கள் பணிஸ் ரொட்டி போடுவார்கள் என்று மருதாயிக்காவிடம் பொய் சொன்னேன்.

மறுநாள் கூப்பிட்டேன். ஆட்கள் வருமுன்பே, மதகுப் பக்கமிருந்து நகங்கள் சரளையில் படும் சத்தம். பின்னாலேயே கயிறு இழுபடும் சத்தம்.

டோர்ச் அடித்துப் பார்த்தேன்.

ஒன்றும் இல்லை.

ஈரமண் வாடை வந்தது. முழங்காலை ஏதோ உரசிக்கொண்டு போனது.

தினமும் இதே கூத்து. பதினோராம் நாள் என்னால் முடியவில்லை. வாயைத் திறக்காமல், தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டைத் தட்டினேன். ஆட்கள் வந்தார்கள். அந்தச் சத்தம் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது.

எட்டு மணிக்கு மருதாயிக்காவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பன்றி தொடையைக் கிழித்திருந்தது.

"இன்னைக்கு ஏன் கங்காணி கூப்பிடல?" என்றாள் முனகலாக.

"தண்டவாளம் தட்டினேனேக்கா."

"அது ஆளுங்களுக்கு. அவன கூப்பிடலயே."

"அவன் ரம்புக்கனையில..."

"சும்மா இருங்க. தெனமும் எனக்கு முன்னுக்குக் கயித்த இழுத்துக்கிட்டுப் போறான். செத்துப்போனது எனக்குத் தெரியாதா?"

"எம்மேல கோவத்துலயாக்கா வர்றான்?"

"கோவமா? அவனுக்கு என்னாங்க தெரியும்? நீங்க கூப்பிடுறீங்க, வர்றான்."

அவள் கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன்.

இரண்டு மாசம் கழித்து இன்றைக்குத்தான் வேலைக்கு வந்தாள், கையில் ஊன்றுகோலோடு. அதுவரை தண்டவாளத்தைத்தான் தட்டிவந்தேன். அதே உச்சிமலைதான். மாற்றிப் போட ஆள் இல்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து, ரொட்டித் துண்டைத் தாழ்வாக நீட்டிக்கொண்டு நின்றாள்.

"கூப்பிடுங்க கங்காணி."

கூப்பிட்டேன். குரல் உடைந்துதான் வந்தது.

நகச் சத்தம். கயிற்றுச் சத்தம்.

அவள் கை வெறுங்கையானது.

விடிந்த பிறகு பார்த்தேன். காய்ந்த சிமெந்தில் செம்மண் காலடிகள். ஒரு விரல் குறைவு. என் செருப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, உச்சிமலைப் பக்கமாகப் போயிருந்தன.

நாளைக்கும் ஐந்தரைக்குக் கூப்பிட வேண்டும்.